குறியீடு தீர்ப்பன்று

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பழுதறி முறை, இந்நாளில் இந்தியாவிலும் வழக்கிலுள்ளது. ஆயினும், கருவி காட்டும் குறியீட்டைக் கண்டவுடன் உறுப்பை மாற்றிவிடும் பழக்கம் விரும்பத்தக்கதன்று.

'பி0171' என்னும் குறியீடு, கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது என்று மட்டுமே கூறும். அதை உணர்த்துவது பிராணவாயு உணர்கருவி. அதனாலேயே அக்கருவி பழுதுற்றதெனக் கொள்ளலாகாது. வெடித்த காற்றுக்குழாயோ, அடைபட்ட எரிபொருள் வடிகட்டியோ, அழுக்கேறிய காற்றளவு உணர்கருவியோ காரணமாயிருக்கலாம். சோதிக்குமுன் குறியீட்டை அழித்தால், பழுது நேர்ந்த வேளையில் இயந்திரம் இருந்த நிலையைக் காட்டும் பதிவும் அழிந்துபோகும்.

ஆகவே, ஆசிரியர்கள் குறியீட்டு அட்டவணையை மனப்பாடம் செய்விப்பதினும், பதிவைக் குறித்துக்கொண்டு காரணத்தைச் சோதித்தறியும் முறையைப் பயிற்றுவித்தலே நன்று. வண்டியின் சொந்தக்காரர் வீண்செலவினின்று தப்புவதும் அதனால்தான்.