நாலு அடி பட்டால் வருவது பக்குவமா?

விடுதியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பையன் தொலைபேசியில் அழுகிறான். "பொறுத்துக்கோப்பா, நாலு அடி பட்டாத்தான் பக்குவம் வரும்" என்கிறார் அப்பா. காதலனிடம் அறை வாங்கிய மாணவிக்கும், நண்பர் கூட்டம் ஒதுக்கி வைத்தவனுக்கும் இதையேதான் ஆறுதலாகச் சொல்கிறோம். புடம் போட்டால்தான் பொன் மின்னுமாம். இது பொய். அடித்தவனை ஆசான் ஆக்கிவிடுகிற பொய்.

துயரத்திலிருந்து சிலர் வளர்ந்து எழுவதை நான் மறுக்கவில்லை. அதை அளப்பதற்கென்றே அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கல்ஹூனும் 1996-இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் அடிக்கு நன்றி சொல்லவில்லை. அடி விழுந்த பிறகு அந்த மனிதர் தனக்குள் நடத்தும் போராட்டத்தில்தான் வளர்ச்சி பிறக்கிறது என்றார்கள். வளர்ந்தவர் நெஞ்சிலும் வலி கூடவே இருக்கும் என்றார்கள். வளர்ச்சி வந்தால் மகிழ்ச்சியும் தானாக வந்துவிடும் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. பின்னர் 2009-இல் பட்ரீசியா ஃபிரேசியர் குழுவினர், பல்கலைக்கழக மாணவர்களைத் துயர நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். 'நான் மாறிவிட்டேன், வளர்ந்துவிட்டேன்' என்று மாணவர்கள் சொன்னதும், அவர்களிடம் உண்மையில் ஏற்பட்டிருந்த மாற்றமும் பெரும்பாலும் பொருந்தவில்லை. அப்படிச் சொன்னவர்களிடம் மனவேதனை கூடியிருந்தது. காயத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தையை நாம் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறோம்.

அந்த அளவுகோல் வெளிவந்த அதே 1996-இன் நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, ராகிங்குக்குப் பணிய மறுத்ததற்காகச் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறுஆண்டு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த 1997-இல்தான் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ் கடும் பகிடிவதைக்கு (ராகிங்கை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஆளாகி இறந்தார். இலங்கையும் 1998-இல் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அந்த இருவருக்கும் எந்தப் பக்குவம் வந்தது?

"நாங்களும் பட்டவங்கதான், இன்னைக்கு நல்லாத்தானே இருக்கோம்" என்று பழைய மாணவர் சந்திப்பில் மேடையேறிப் பேசுகிறார்கள். இரண்டாம் மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவனுக்கு அந்த மேடையில் இடமில்லை. அவனுக்கு அழைப்பிதழே போவதில்லை. நன்றாக இருப்பவர்களையும் கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் கூட உட்கார்ந்திருந்த அறைத்தோழன், நம்பிக் கேட்ட ஒரு பேராசிரியை, "கிளம்பி வா, பார்த்துக்கலாம்" என்ற அக்கா என்று யாரோ ஒருவர் அவர்கள் கதையில் இருப்பார். அந்தக் கைகளுக்குச் சேரவேண்டிய பெருமையை அடித்த கைக்குக் கொடுத்துவிட்டோம்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளை அழைத்தால் "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். இந்தியக் கல்லூரிகளில் நடக்கும் ராகிங்குக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டணமில்லா உதவி எண் 1800-180-5522. இரவிலும் அழைக்கலாம்.