டார்ட்ஸ் சோறு போடுமா? குமராட்சி அம்மாவுக்கு ஒரு பதில்

குமராட்சியில் இருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, எம் பையன் சிதம்பரத்துல காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆன்லைன்ல ஒரு போர்டு வாங்கிக் கதவுல மாட்டிக்கிட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டொக்கு டொக்குன்னு அம்பு எறியுறான். கேட்டா இதுலயே பெரிய ஆளா வருவேங்கிறான். இது சோறு போடுமா, போடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

இந்தியாவில், இன்றைய தேதிக்கு, அதை மட்டும் நம்பினால் போடாதும்மா. இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் பையன் காட்டும் ரீல்ஸில் வருகிற கோடிகளும் பொய் இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் ஆட்டம். 501 புள்ளியில் ஆரம்பித்து பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. ட்ரிபிள் 20 என்கிற ஒல்லிக் கட்டத்தில் பட்டால் 60. மூன்றுமே அங்கே இறங்கினால் 180. கடைசி அம்பு டபுள் வளையத்திலோ நட்டநடு 'புல்'லிலோ விழுந்தே ஆக வேண்டும். கேரமில் ரெட் போட்டால் ஃபாலோ போட்டாக வேண்டுமே, கிட்டத்தட்ட அந்தப் படுத்தல். நன்றாக ஆடிவந்து இந்த டபுளில் தவித்துத் தோற்பவர்கள் ஏராளம்.

இப்போது நம்ம ஊர்க் கதை. இந்தியாவின் நிதின் குமார் 2018 டிசம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடக்கும் பிடிசி உலக சாம்பியன்ஷிப் மேடையில் முதன்முதலாக ஏறினார். முதல் சுற்றிலேயே தோல்வி. மறுபடி தகுதி பெற்றார், மறுபடி தோல்வி. 2025 டிசம்பரில்தான் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்ற செட் கணக்கில் வீழ்த்தினார். அந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்தை ஜெயித்த முதல் இந்தியர் அவர்தான். அடுத்த சுற்றில் ஸ்டீபன் பன்டிங்கிடம் அதே 3-2 கணக்கில் தோற்றார். அந்த ஒற்றை வெற்றிக்கு ஏழு வருடம் ஆனது என்பதைப் பையனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பணம்? அந்த உலக சாம்பியன்ஷிப்பின் மொத்தப் பரிசு 50 லட்சம் பவுண்ட். சாம்பியனுக்கு மட்டும் 10 லட்சம். இரண்டாவது சுற்றில் தோற்றவருக்கு 25,000 பவுண்ட், நம்ம கணக்கில் சுமார் 30 லட்சம் ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வருடத்துக்கு ஒரே ஒரு முறை வரும் மேடை. அங்கே போக இந்தியாவில் நடக்கும் தகுதிச் சுற்றில் ஜெயித்தாக வேண்டும்.

மாதாமாதம் விளையாடிச் சம்பாதிக்க வேண்டுமென்றால் 'டூர் கார்டு' வேண்டும். உலகத்துக்கே மொத்தம் 128 பேரிடம்தான் அது இருக்கும். அதற்கான க்யூ ஸ்கூல் போட்டிகள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் நடக்கின்றன. கார்டு கிடைத்த பிறகும் டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு. பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டிகளில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பரிசு பூஜ்யம். சிதம்பரத்தில் பஸ் ஏறி, சென்னையில் விமானம் ஏறி, விசா கட்டணமும் கட்டிப் போய், அரை மணி நேரத்தில் தோற்று வெறும் கையோடு திரும்புவதை நினைத்துப் பாருங்கள். இதனால்தான் உலகம் முழுக்க டார்ட்ஸ் ஆடுபவர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் ஒரு வேலையும், ராத்திரியில் போர்டுமாக வாழ்கிறார்கள்.

பையன் ராப் கிராஸ் பெயரைச் சொல்வான். எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர். 2017-ல் முழுநேர ஆட்டக்காரர் ஆனார். 2018 புத்தாண்டு அன்று பில் டெய்லரை 7-2 என வீழ்த்தி உலக சாம்பியன். உண்மைதான். லாட்டரியில் விழுந்ததும் உண்மையாகத்தான் இருக்கும், அதற்காக எல்லோரும் சீட்டு வாங்க முடியுமா?

எனக்குப் பிடித்தவர் சிங்கப்பூரின் பால் லிம். சமையல்காரராக வேலை பார்த்தவர். 1990 உலக சாம்பியன்ஷிப்பில் 501 புள்ளியை ஒன்பதே அம்பில் முடித்தார். அதற்குக் குறைவாக முடிக்கவே முடியாது. அந்த ஒரு ஆட்டத்துக்காகக் கிடைத்தது 52,000 பவுண்ட். அந்த வருட சாம்பியனுக்குக் கிடைத்ததோ 24,000! அதே பால் லிம் 2025 டிசம்பரில், 71 வயதில், அலெக்ஸாண்ட்ரா பேலஸில் ஓர் ஆட்டம் ஜெயித்தார். முழங்கால் தேயும் விளையாட்டு இல்லை இது. வேலைக்குப் போய்க்கொண்டே முப்பது, நாற்பது வருடம் ஆடலாம்.

கேரமையும் பாருங்கள். வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். பயணத்துக்குத் தமிழக அரசு 1.5 லட்சம் கொடுத்தது; ஜெயித்து வந்ததும் 1 கோடி. கேரமுக்கு இங்கே சங்கம் இருக்கிறது, தேசியப் போட்டி இருக்கிறது, மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைப் பட்டியலிலும் இடம் இருக்கிறது. டார்ட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கை அதே கைதான், கண்ணும் அதே கண்தான். பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் அம்மா, போர்டைப் பிடுங்காதீர்கள். டிகிரியை முடிக்கட்டும், ஒரு வேலையைப் பிடிக்கட்டும். முதல் தகுதிச் சுற்றுக்கான டிக்கெட்டை அவன் சம்பளத்திலேயே எடுக்கட்டும்.

அப்புறம், கதவில் மாட்டுவது சரிப்படாது; ஆடும், அம்பு தெறிக்கும். சுவரில் மாட்டச் சொல்லுங்கள். போர்டின் நடுப்புள்ளி தரையில் இருந்து 1.73 மீட்டர், நிற்கும் கோடு போர்டின் முகத்தில் இருந்து 2.37 மீட்டர். காந்தம் ஒட்டும் பொம்மை போர்டு என்றால் பயிற்சிக்கு ஆகாது. நாரால் செய்த போர்டுதான் வேண்டும். பின்னால் பழைய ரப்பர் ஷீட் வைத்தால் டொக்கு சத்தம் குறையும், நீங்களும் தூங்கலாம். ஒவ்வொரு மூன்று அம்புக்கும் எத்தனை புள்ளி என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உலக மேடையில் 90 சராசரி சாதாரணம். உங்கள் பையனுடையது 60-ஐத் தாண்டியதும் அந்த நோட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.