கம்பி இருக்கட்டும்

புதிய விசைப்பலகை வாங்கவிருக்கும் எழுத்தாள நண்பர் ஒருவர், கம்பியுள்ளதா கம்பியில்லாததா என்று சென்ற வாரம் வினவினார். கம்பியுள்ளதே என்றேன். மேசையின் அழகு கெடுமே என்றார். அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

சில காலம் நானும் புளூடூத் விசைப்பலகையில்தான் எழுதினேன். பேட்டரியைச் சேமிப்பதற்காக, சற்று நேரம் தொடாதிருந்தால் அது உறங்கிவிடும். சிந்தித்து முடித்து மீண்டும் தட்டுகையில், அது விழித்துக் கணினியோடு இணைவதற்குள் முதல் எழுத்து போய்விடும். தமிழில் இது வெறும் எழுத்திழப்பன்று. தமிழ்99 முறையில் அகரமேறிய மெய்க்கு ஒரு விசை, அதன்பின் வரும் உயிருக்கு மற்றொரு விசை. முன்னது விழாவிடின் பின்னது தனித்து நிற்கும். 'நாடு' என்று தட்டினேன். திரையில் 'ஆடு' நின்றது. 'காலம்' 'ஆலம்' ஆயிற்று. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் ஆதலால் பிழைதிருத்தியும் வாளாவிருந்தது. நின்று நிதானித்து எழுதுபவனுக்கே பிழை மிகுகிறது என்றால் இது என்ன நியாயம்?

சிறு வாங்கியை யுஎஸ்பி துளையில் செருகிப் பயன்படுத்தும் கம்பியில்லா வகை, இணைப்பில் இத்தனை தொல்லை தருவதில்லை. அதன் குறை வேறு. எட்டு நிறுவனங்களின் மலிவு விசைப்பலகைகள், தட்டும் எழுத்துகளை எவ்வித மறையாக்கமும் இன்றி வானலையில் அனுப்புவதை 2016இல் பாஸ்டில் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. ஏறத்தாழ 75 மீட்டர் தொலைவிலிருந்தே அவற்றைப் படிக்கவியலுமாம். தேர்வு வினாத்தாளை அத்தகைய பலகையில் தட்டச்சிடும் ஆசிரியர், அதனைத் தெருவில் நின்று உரக்கப் படிப்பவருக்கு ஒப்பாவார். மறையாக்கம் உண்டென்று பெட்டியில் அச்சிட்டிராத எதையும் நான் துறைக்கு வாங்கவிடுவதில்லை.

கம்பியிலும் இருவகை உண்டு. ஐபிஎம் 1987இல் கொணர்ந்த பிஎஸ்/2 என்னும் வட்டச்செருகி, விசை தட்டப்பட்ட கணமே தானாகச் சென்று கணினியை அழைக்கும். ஆனால் கணினி இயங்குகையில் அதைப் பிடுங்கலாகாது. அதன் ஊசிகளும் எளிதில் வளையும். (ஒருமுறை வளைத்துவிட்டுப் பேனா முனையால் நிமிர்த்தியிருக்கிறேன்.) 1996இல் வந்த யுஎஸ்பியில், விசை ஏதும் தட்டப்பட்டதா என்று கணினிதான் அடிக்கடி கேட்டறியும். அத்தாமதம் சில மில்லி விநாடிகளே. எந்த எழுத்தாளரும் அதை உணரப்போவதில்லை. எப்போதும் செருகலாம், எப்போதும் கழற்றலாம்.

பயணத்தில் கைப்பேசியில் எழுதுவோர்க்கும், ஒரே பலகையை இரண்டு மூன்று கருவிகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர்க்கும் புளூடூத்தே தகும், மறுக்கவில்லை. நண்பரோ வீட்டு மேசையில் அமர்ந்து நாவல் எழுதுபவர். அவருக்கு யுஎஸ்பிதான். அவருடைய மெலிந்த மடிக்கணினியில் சி-வகைத் துளை மட்டுமே இருப்பதால் இடையில் ஓர் அடாப்டரும் வேண்டியிருக்கும். பழைய நூல்களில் இடைச்செருகலை ஒப்பாத நான், இதை மட்டும் ஒப்புகிறேன்.