எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் எதற்கு?

காசநோய்க்கு எடுத்துக்கொண்ட மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள் இருவர்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமெசா திசிலே. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுயிலின் மாத்திரையின் உப்பு வடிவத்துக்கு இந்தியாவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமையை எதிர்த்து இவர்கள் மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கிடைத்திருந்தால் நிறுவனத்தின் தனியுரிமை மேலும் நான்கு ஆண்டுகள் நீண்டிருக்கும்.

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக்கின் கதையும் இதுவே. நோவார்டிஸ் விற்ற மருந்துக்கு அப்போது மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் மருந்து சுமார் 10 ஆயிரத்துக்குக் கிடைத்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம் நோயைக் கூடுதலாகக் குணப்படுத்தினால்தான் காப்புரிமை என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதன்படி நோவார்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கும் எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகளுக்கான சங்கம் ஒன்று இருந்தது.

வயலிலும் இதே போராட்டம்தான். சிப்ஸுக்கு ஏற்ற, ஈரப்பதம் குறைந்த, தான் பதிவுசெய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக 2019இல் குஜராத் சிறு விவசாயிகள்மீது பெப்சிகோ வழக்குத் தொடுத்தது. நான்கு பேரிடம் தலா ஒரு கோடிக்கும் மேல் இழப்பீடு கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. பதிவுபெற்ற ரகமானாலும் விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாறிக்கொள்ள, வணிகப் பெயரிடாமல் விற்க விவசாயிக்குப் பயிர் ரகப் பாதுகாப்புக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உரிமை தருகிறது.

கண்டுபிடித்தவருக்குப் பலன் கிடைக்கட்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பழையதைச் சற்றே மாற்றிக்கொண்டு வந்து மீண்டும் தனியுரிமை கேட்பது கண்டுபிடிப்பு ஆகாது. தலைமுறை தலைமுறையாக விதையைப் பொறுக்கிச் சேர்த்த விவசாயியும் கண்டுபிடிப்பாளரே.

சட்டம் நம் பக்கம் இருந்தாலும், யாராவது எழுந்து ஆட்சேபித்தால்தான் அது செயல்படுகிறது. அந்த வாசலைத்தான் 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு குறுக்கியிருக்கிறது. காப்புரிமை வழங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்றிருந்தது. இப்போது கட்டணம் கட்ட வேண்டும், மனு ஏற்கத்தக்கதா என்பதையும் அதிகாரி முதலில் முடிவுசெய்வார்.

நோயாளியின் ஆட்சேபத்துக்கு விலை வைப்பது அநீதி. இந்த விதிகளை அரசு திரும்பப் பெற வேண்டும். நோயாளிகளின் அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும்.