36 ஏக்கர் கொடுத்த பல்கலைக்கழகம்... பந்து உதைக்க இடம் தேடும் பசங்க! திருவனந்தபுரம் ஸ்டேடியம் கதை தென்காசிக்கு சொல்வது என்ன?

தென்காசி,

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் நம்ம பசங்களுக்கு கால்பந்து ஆசையும் வந்துவிடும். பள்ளிக்கூட மைதானமோ, தரிசு நிலமோ, கொஞ்சம் சமதளம் கிடைத்தால் போதும். நாலு செங்கல்லை வைத்து கோல்போஸ்ட் ஆக்கிவிடுகிறார்கள்.

2019 நவம்பர் 22-ந்தேதி தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம்னு வந்துட்டா பெரிய ஸ்டேடியம் வேண்டாமா என்ற பேச்சும் கூடவே வந்தது. நியாயமான ஆசைதான். ஆனால் ஸ்டேடியம் கட்டினால் பசங்க விளையாடிவிடுவார்களா? மலைக்கு அந்தப்பக்கம், இங்கிருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிற திருவனந்தபுரத்தை பார்த்தால் அந்த சந்தேகம் வருகிறது.

செங்கோட்டைக்கும் பங்கு உண்டு

1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந்தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆக, அந்த காலத்து செங்கோட்டைக்காரர்களுக்கு அதுதான் சொந்த பல்கலைக்கழகம். இப்போது அதன் பெயர் கேரளா பல்கலைக்கழகம். (நெல்லை பல்கலைக்கழகத்துக்கு பெயர் கொடுத்த மனோன்மணியம் சுந்தரனார் வேலை பார்த்ததும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில்தான்.)

அந்த பல்கலைக்கழகம் 1940-களில் நகரின் நடுவே பாளையம் பகுதியில் ஒரு ஸ்டேடியம் கட்டியது. மாணவர்களுக்காக வந்த மைதானம். ஆனால் ஊருக்கு வேறு பெரிய மைதானம் இல்லாததால் சர்வதேச கிரிக்கெட்டும் அங்கேயே நடந்தது. 1984-ல் ஆஸ்திரேலியா வந்த போட்டியை மழை கெடுத்தது. 1988 ஜனவரி 25-ந்தேதி நம்ம ஸ்ரீகாந்த் 101 ரன் விளாசியும் வெஸ்ட் இண்டீஸ் 9 விக்கெட்டில் ஜெயித்துவிட்டது. அதோடு சரி. 29 வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்கு சர்வதேச கிரிக்கெட் வரவில்லை.

வந்தது 50 ஆயிரம் சீட்

பழைய மைதானம் பத்தாது என்று, காரியவட்டத்தில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் 36 ஏக்கர் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. தனியார் கம்பெனியே கட்டும், 15 வருஷம் நடத்தும், பிறகு ஒப்படைக்கும். இந்த முறையில் இந்தியாவில் கட்டிய முதல் திறந்தவெளி ஸ்டேடியம் இதுதான். 2015 ஜனவரி 31-ந்தேதி தேசிய விளையாட்டு போட்டியின் தொடக்க விழா இங்கேதான் நடந்தது.

கால்பந்து ரசிகர்களுக்கும் ஒரு திருநாள் கிடைத்தது. 2016 ஜனவரி 3-ந்தேதி தெற்காசிய கோப்பை பைனல். ஆப்கானிஸ்தான் முதல் கோல் போட, இரண்டே நிமிஷத்தில் ஜேஜே பதிலடி கொடுக்க, கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்த கோலில் இந்தியா 2-1 என வென்றது. கேலரி அதிர்ந்தது.

அதற்கப்புறம் நிலைமை மாறியது. 2017 நவம்பரில் நியூசிலாந்து டி20 வந்ததும் மைதானம் கிரிக்கெட் பக்கம் சாய்ந்துவிட்டது. 2018-ல் கட்டிய கம்பெனியின் தாய் நிறுவனமான ஐ.எல்.அண்ட் எப்.எஸ். கடனில் மூழ்கியது. 2021-ல் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு விட்டதில் புல்தரை நாசமானது. 2024-ல் கேரள சூப்பர் லீக் தொடங்கியபோது உள்ளூர் கால்பந்து அணி சொந்த மைதானமாக எடுத்தது பல்கலைக்கழகத்தின் இரண்டு ஸ்டேடியத்தையும் அல்ல, போலீஸ் மைதானமான சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தை!

கிரிக்கெட்டுக்காவது கூட்டம் வந்ததா? 2023 ஜனவரி 15-ந்தேதி இலங்கையை இந்தியா 317 ரன்னில் நொறுக்கியது, அப்போது அது உலக சாதனை வெற்றி. விராட் கோலி 166 ரன். பார்க்கத்தான் ஆள் இல்லை, கேலரி பாதிக்கு மேல் காலி. டிக்கெட் 1000, 2000 ரூபாய், அதற்கு மேல் கேளிக்கை வரியை 5-ல் இருந்து 12 சதவீதமாக ஏற்றினார்கள். பட்டினி கிடக்கிறவங்க மேட்ச் பார்க்க போகவேண்டாம் என்கிற மாதிரி மாநில அமைச்சர் பேசியது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. கூலி வேலைக்கு போகிறவன் தன் வரிப்பணத்திலும், தன் பிள்ளை படிக்கிற பல்கலைக்கழக நிலத்திலும் நடக்கிற போட்டிக்கு எத்தனை நாள் சம்பளத்தை கொடுப்பான்?

நெல்லையில் விழுந்த கூரை

கேரளாவை மட்டும் குறை சொல்ல முடியாது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 15 கோடி ரூபாயில் புதுப்பித்து 2022-ல் திறந்தார்கள். 2023 மே மாதம் அடித்த காற்றில் கேலரி மேற்கூரை சரிந்து விழுந்தது. கூரைக்கு செலவழித்ததில் ஒரு பங்கை புல்லுக்கும், வடிகாலுக்கும், இரவு விளக்குக்கும் போட்டிருந்தால் விழுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கால்பந்துக்கு பெருசா என்ன வேண்டும்? நூறு மீட்டர் நீள தரை, சாரல் தண்ணி தேங்காத வடிகால், கால் கழுவ குழாய், பொம்பளப் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு அறை. கேலரி அப்புறம் கட்டிக்கலாம். தென்காசியில் எப்போது இடம் பார்த்தாலும், பள்ளி, கல்லூரி பசங்களுக்கு தினமும் சாயங்காலம் 4 மணிக்கு காசில்லாமல் கேட் திறக்கணும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

காரியவட்டத்தில் அந்த 15 வருஷ கெடு முடிகிற காலம் நெருங்குகிறது. 36 ஏக்கரும் அடுத்து யார் கைக்கு போகும், அதில் கால்பந்துக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்பதை மலைக்கு இந்தப்பக்கம் இருக்கிறவர்களும் கவனிக்கணும்.