நடு வரிசை யாருக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் காய் எடுக்கப் போகும் ஐந்து அக்காக்களோடு படம் பார்க்கப் போனேன். விடியும் முன்னே போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்கி வருகிறவர்கள். ஆறு நாள் மலை. ஏழாம் நாள் துணி துவைக்க, ரேஷன் வாங்க, பிள்ளைக்குத் தலை பார்க்க. அந்த ஏழாம் நாளில் மூன்று மணி நேரத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

முன்பதிவு எதுவும் கிடையாது. அன்றைய காட்சிக்கு அன்றே கவுண்டரில் நின்று, இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட். அந்த வகுப்பில் முதல் வரிசையிலிருந்து அரங்கின் நடு வரைக்கும் ஒரே விலை. பாதிக்கு மேல் காலி. "நடுவுல ஆறு சீட்டு குடுங்க" என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் முதல் வரிசை, இடது ஓரம். எங்களுக்கு அடுத்து வெள்ளை வேட்டியில் வந்தவர் அதே விலை கொடுத்து, வாய் திறந்து கேட்காமலே, நடு வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "அவங்களுக்கு அங்கதான் மேடம் தோதா இருக்கும்" என்றார்.

அந்த 'தோது' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தத் திரையரங்கு என்று எழுதப்போவதில்லை. ஓர் ஊழியரை மாட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குவதற்கான விஷயம் அல்ல இது. அவர் எங்களிடம் சாதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்தத் தெருக்களிலிருந்து அந்த ஜீப்புகள் நிரம்புகின்றன என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு ஒரு கருத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ச் சினிமாவையும் அரசியலையும் பற்றி 1981இல் எழுதிய சிறு நூலில் சொன்னது. தமிழர்கள் எல்லோரும் முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த இடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இருக்கை பிறப்பால் அல்ல, வாங்கும் சக்தியால் தீர்மானிக்கப்பட்டது என்பது அவர் வாதம். இதில் பெரிய உண்மை இருக்கிறது. கோயில் முன்னால் நடந்த கலை நம் தாத்தாவை எட்ட நிற்க வைத்தது. டூரிங் டாக்கீஸ் அவரிடம் காசை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது. தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து படம் பார்த்தார் அவர். பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. நாற்காலிக்காரரும் தரைக்காரரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் இந்தக் கருத்தை இன்று நம் நண்பர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? "தியேட்டர்ல ஏது சாதி, காசு இருந்தா சீட்டு, அவ்வளவுதான்." கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் இது. இரண்டு இடத்தில் உடைகிறது. ஒன்று, யார் பையில் காசு இருக்கிறது என்பதே சாதி போட்ட கணக்கு. நிலம் யாரிடம், தோட்டம் யாரிடம், கூலி யாருக்கு என்று கேட்டால் விடை வந்துவிடும். இரண்டு, காசு சமமாக இருக்கும்போதும் சீட்டு சமமாக இல்லை. எங்கள் ஆறு டிக்கெட்டும் அந்த வேட்டிக்காரரின் டிக்கெட்டும் ஒரே விலை. அப்புறம் எது அவரை நடுவிலும் எங்களை ஓரத்திலும் உட்கார வைத்தது?

டிக்கெட் கையில் இருந்தும் வாசல் தாண்ட முடியாத கதையும் நமக்குத் தெரியும். 2023 மார்ச் 30. சென்னை கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படத்துக்கு வந்த நரிக்குறவர் குடும்பம் டிக்கெட்டை நீட்டியபடி நின்றது. ஊழியர்கள் உள்ளே விடவில்லை. காணொளி பரவி ஊரே கொதித்த பிறகு உள்ளே அனுமதித்தார்கள். படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. யு/ஏ என்றால் சிறுவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். பெற்றோர் அங்கேயேதான் நின்றார்கள். நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அரசிதழில் ஏறிய உரிமை அரங்க வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இனி விலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் திரையரங்கை நடத்த உரிமம் வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1957ஆம் ஆண்டு விதிகளும் அதைச் சொல்கின்றன. கட்டண வரம்பை அரசு நிர்ணயிக்கிறது. பல ஆண்டுகளாக மிகக் குறைந்த கட்டணம் பத்து ரூபாய். பத்தில் ஒரு பங்கு இருக்கையை அந்த விலைக்கு விற்க வேண்டும் என்று ஏற்பாடு. அதனால்தான் சென்னையின் பளபளப்பான மல்டிபிளெக்ஸ்களில்கூட 120 ரூபாய் இருக்கைகள் இருந்த அதே அரங்கில் பத்து ரூபாய் வரிசை இருந்தது. ஆனால் அது இணையத்தில் கிடைக்காது. காட்சி நாளில் நேரில் போய், கவுண்டரில் நின்று, "பத்து ரூபா டிக்கெட்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். தெரிந்தவர்கள் கேட்டார்கள். கல்லூரி மாணவர்கள் கூட்டமாகப் போய் வாங்கினார்கள். தெரியாதவர்கள் 120 கொடுத்தார்கள், அல்லது போகவே இல்லை. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸ் உச்சவரம்பு, வரி தனியாக, 150 ஆனது. பத்து ரூபாய் வரிசையும் அத்தோடு ஐம்பது, அறுபது என்று ஏறிவிட்டது.

அந்தப் பத்து ரூபாய் வரிசை எங்கே இருந்தது? திரைக்கு மூக்கு முட்டும் முதல் வரிசையில். ஏழைக்கு இடம் ஒதுக்கச் சொன்னால், எவரும் காசு கொடுத்து உட்காராத இடத்தைப் பார்த்து ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல. சேரி எங்கே அமைந்தது, சுடுகாடு எங்கே அமைந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் ஒரு கவுண்டர் இருக்கிறது. அன்று மாலை நாடகத்துக்கு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டை அன்றே பாதி விலை அளவுக்கு விற்பார்கள். அது வியாபாரம். அதைவிட முக்கியமானது 1996இல் நடந்தது. 'ரெண்ட்' என்ற இசை நாடகம் வாடகை கொடுக்க முடியாத இளைஞர்களைப் பற்றியது. அந்த இளைஞர்களே பார்க்க வேண்டும் என்று, முதல் இரண்டு வரிசைகளை அன்றன்றைக்கு இருபது டாலருக்குக் கொடுத்தார்கள். மேடை நாடகத்தில் முதல் வரிசை நல்ல இடம். நடிகரின் வியர்வை தெரியும். சினிமாவில் முதல் வரிசை கழுத்து வலி. குறைந்த விலைக்கு நல்ல இடத்தைக் கொடுக்க முடியும், கொடுத்திருக்கிறார்கள் என்பதே இதில் நமக்கான பாடம்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவில் நியூ கிளாஸ்கோ என்ற சிற்றூர், 1946 நவம்பர் 8. வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண் படம் பார்க்கப் போகிறார். கார் பழுதாகி, சரிசெய்யும் வரை நேரம் போக்கத்தான். கீழ்த்தளத்துக்கு டிக்கெட் கேட்கிறார். மாடி டிக்கெட்டைக் கொடுக்கிறார்கள். கீழே போய் உட்கார்ந்துவிடுகிறார். கூடுதல் காசு தருகிறேன் என்றும் சொல்கிறார், வாங்க மறுக்கிறார்கள். காவலர் வந்து இழுத்துப்போய் இரவு முழுக்கச் சிறையில் வைக்கிறார். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இரண்டு டிக்கெட்டுக்கும் இடையிலான கேளிக்கை வரி வித்தியாசம், ஒரு சென்ட். இனம் என்ற சொல் குற்றச்சாட்டில் எங்கும் இல்லை. 2010இல் அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. அதற்குள் அவர் இறந்து 45 ஆண்டுகள். 2018இல் கனடாவின் பத்து டாலர் நோட்டில் அவர் முகம் வந்தது. அங்கே ஒரு சென்ட் வரி, கோயம்பேட்டில் யு/ஏ சான்றிதழ், எங்கள் கவுண்டரில் 'தோது'. ஒதுக்குகிறவர்கள் உண்மையான காரணத்தை ரசீதில் எழுதுவதில்லை.

தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கூலி உயர்வு இருக்கிறது, ஜீப் விபத்துகள் இருக்கின்றன, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, இதில் சினிமா சீட்டுக்கு ஒரு கட்டுரையா? இந்தக் கேள்வியை மதிக்கிறேன், ஏற்கவில்லை. 1927இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் இறங்கியது தாகத்துக்காக மட்டும்தானா? அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடை, உணவு விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பொதுக் கேளிக்கை இடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது குற்றம். எழுதியவர்களுக்குத் தெரியும், அவமானம் எங்கெல்லாம் நடக்கும் என்று. உழைக்க மட்டும் உடம்பு வேண்டும், மகிழ மட்டும் அந்த உடம்பு வேண்டாம் என்பதுதான் சாதி. நாமும் அதையே சொல்லக் கூடாது.

ஆகவே தம்பி தங்கைகளே, கவுண்டருக்குப் போங்கள். முதல் மூன்று நாள் கூட்டத்தை விட்டுவிடுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை அரங்குகள் காற்று வாங்கும். கூட்டமில்லாத நாளில் செயலிக்கு மேல்காசு அழ வேண்டியதில்லை. அரை மணி நேரம் முன்னால் போய், "இருக்கிறதிலேயே கம்மி டிக்கெட் எவ்வளவு? அதுல எந்தெந்த வரிசை காலி?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கணினி இருந்தால் இருக்கைப் படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, இடவலமாக நடுவில் இருப்பதே நல்ல இடம். கண்ணும் கழுத்தும் நேராக இருக்கும், எல்லா ஒலிபெருக்கியும் சமமாகக் கேட்கும். பழைய அரங்கானால் பால்கனிக்கு அடியில் ரொம்பவும் உள்ளே போகாதீர்கள், ஒலி அமுங்கிவிடும். பால்கனியின் முதல் வரிசையில் கம்பி கண்ணை மறைக்கிறதா பாருங்கள். ஓரத்தில் தள்ளினால் "ஏன்?" என்று ஒரே ஒரு முறை, சத்தமாக, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். மாவட்டத்தில் திரையரங்குக்கு உரிமம் தருவது ஆட்சியர். உங்கள் ஊர் அரங்குக்கு எந்த வகுப்பில் எத்தனை இருக்கை, என்ன கட்டணம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் டிக்கெட் போய்விட்டது. பத்து ரூபாய் மனு இன்னும் இருக்கிறது. கையில் விடை வந்ததும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். கேட்க வேண்டியவை மூன்று. குறைந்த கட்டண இருக்கைகள் முன்வரிசையில் மட்டும் குவியாமல் அரங்கு முழுக்கப் பரவ வேண்டும். அவற்றில் பாதியாவது செல்பேசி இல்லாதவருக்காகக் காட்சி நாளன்று கவுண்டரில் இருக்க வேண்டும். கட்டணப் பலகை, வரிசை எண்களோடு, தமிழில், கண்ணில் படும் உயரத்தில் தொங்க வேண்டும்.

2018இல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. இந்தச் சரிவுகளில் சுமை தூக்கும், ஏலத்தோட்டத்தில் உழைக்கும் மனிதர்களின் படம். ஆறு நாளும் ஜீப் இறங்கி வீடு சேரும் நேரத்துக்கு மாலைக் காட்சி பாதி ஓடியிருக்கும். தங்கள் வாழ்க்கையைத் திரையில் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வருகிறவர்களுக்கு ஓர நாற்காலியா?

அன்று படம் முடிந்து வெளியே வந்தபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டே மூத்த அக்கா சொன்னார், "விடு தங்கச்சி, எங்க உக்காந்தாலும் படம் ஒண்ணுதான." நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே கேட்டார், "அந்த வேட்டிக்காரரும் நம்ம டிக்கெட்டுதானா?" ஆமாம் என்றேன். நின்றுவிட்டார்.

"அடுத்த வாட்டி நீ பின்னால நில்லு. நான் கேக்குறேன்."

ஜெய் பீம்.