கதவுக்குள் மழை

கார் கதவுக்குள் மழைத் தண்ணீர் போகும். 'ஓட்டை வண்டி போலிருக்கு' என்று அனுதாபப்படாதீர்கள். எந்தக் காராக இருந்தாலும் போகும். கண்ணாடி ஏறி இறங்க இடைவெளி வேண்டுமே, ரப்பர் பட்டை எவ்வளவுதான் தடுக்கும்? போன தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாகச் சமர்த்தாக வெளியேறிவிடும். அது சீட் பக்கம் வராமல் காப்பாற்றுவது என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் ஷீட். மளிகைக் கடை கவருக்கு அண்ணன் முறை.

இதெல்லாம் பி.காம். பாடத்தில் கிடையாது. அப்பாவின் 2008 மாடல் மாருதி 800 கற்றுக்கொடுத்தது. (கம்பெனி 2014-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அப்பா ஓட்டுவதை நிறுத்துவதாக இல்லை.) மழை பெய்தால் இடது பின் சீட்டின் கீழே கார்பெட் சொதசொத. ஊறின கோணி வாசனை. அது என் ஆறு வயசுப் பையன் உட்காருகிற இடம். 'வாட்டர் பாட்டிலைக் கவுக்கறான்' என்று அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். பையன் இல்லை என்று அழ, 'பொய் வேற' என்று கூடுதலாக ஒரு செக்‌ஷன். இரண்டு மாசமாகத் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மெக்கானிக் பாய் கார்பெட்டைப் பார்க்கவே இல்லை. "டோர் பேடைக் கழட்டுவோம் தம்பி."

கண்ணாடி சுற்றும் கைப்பிடியில் ஸ்க்ரூ எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பனியன் துணியைக் கிழித்து, கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தார். டிக்! குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் எகிறியது. இன்னொரு கையால் மறைத்துப் பிடிக்காவிட்டால் அது பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

அப்புறம் ஸ்க்ரூக்கள். அப்புறம் பேட். நடுவில் பிடித்து இழுத்தால் அட்டைதான் கிழியும். கீழ் மூலையில் விரலை நுழைத்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே பிடித்து இழுக்கணும். கழற்றினதை எண்ணி டப்பாவில் போட்டார். மாட்டும்போது டேலி ஆகணும். மிச்சமானதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ள முடியாது, கதவு கடகடவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே ஷீட்டைக் காணோம்! ஓரத்தில் கறுப்புப் பசை மட்டும். போன வருஷம் கண்ணாடி மிஷின் மாற்றின கடைக்காரர்கள் கிழித்துக் கடாசியிருக்கிறார்கள்.

"கை போக மறைக்குதுன்னு கிழிச்சிருவாங்க. ஓரத்துல கத்தி விட்டுப் பதமா உரிச்சா திரும்ப ஒட்டலாம். யாருக்குப் பொறுமை?"

பேடின் அட்டை நமுத்த அப்பளமாகியிருந்தது. அடி ஓட்டைகளில் மண் அடைப்பு. கம்பியால் குத்தியதும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியது. விட்டிருந்தால் தகரம் உள்ளிருந்தே அரித்திருக்கும். கெட்டி பிளாஸ்டிக்கை அளந்து வெட்டிச் சுற்றிலும் ஒட்டினார். கீழ் ஓரத்தை மட்டும் கதவின் உள்பக்கமாகச் செருகினார். தண்ணீர் அந்தப் பக்கமே வழியணுமாம். விஷயமே அந்தச் செருகலில்தான்.

புது வண்டிக்காரர்கள் பனியன் துணியோடு கிளம்பிவிட வேண்டாம். பவர் விண்டோ ஒயர், சில மாடல்களில் ஏர்பேக் சென்ஸார்கூடக் கதவுக்குள் உண்டு. பாட்டரி நெகட்டிவ்வைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது.

அப்பாவிடம் விவரம் சொன்னேன். "ஓஹோ" என்றார். சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய் வந்தார்.

"ஸாரி சொன்னாராடா?"

"சொல்லலப்பா. ரெண்டு பப்ஸ் வாங்கிக் குடுத்தாரு."